மூன்றாம் ஓலையும் கிளிப் பெடலும்

அருமைநாயகம் ஐயருக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் நான் முதல்முறை விழுந்தேன்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தில் சபைப் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் தெருவில் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இரண்டு கையையும் கூப்பி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போன காலத்திலிருந்து உடம்புக்குப் பழகிப்போனது. பைக்கில் போகிறவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடலாம். சைக்கிள்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அன்றைக்குத் திங்கட்கிழமை, காலை ஆறு மணி, ஜனவரிப் பனி. ஐயர் கையில் இரண்டு பால் பாக்கெட்டோடு வந்தார். நான் பிரேக் பிடித்தேன். கையைக் கூப்பினேன். "ஸ்தோத்திரம் ஐயா" என்றேன். எல்லாம் முறைப்படி நடந்தது. இறங்குவது மட்டும் நடக்கவில்லை. இரண்டு காலும் பெடலில் பூட்டியிருந்தன. கூப்பிய கையோடு, முகத்தில் இருந்த மரியாதை கொஞ்சமும் மாறாமல், அப்படியே இடதுபக்கம் சாய்ந்து ரோட்டில் விழுந்தேன்.

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். மொதல்ல எந்திரி ஜெனோ" என்றார் ஐயர்.

எழுந்திருக்க முடியவில்லை. சைக்கிளும் காலோடு சேர்ந்து வந்தது. ஐயர் பால் பாக்கெட்டை மதில்மேல் வைத்துவிட்டு என் முதுகுக்குக் கீழே கை கொடுத்தார்.

"கால்ல என்னடே கெட்டி வச்சிருக்க?"

"கெட்டல ஐயா. கிளிப் பெடல். ஷூவுக்கு அடியில ஒரு கட்டை இருக்கும், கிளீட்டுன்னு சொல்லுவாக. பெடல்ல வச்சு அமுக்குனா டக்குனு மாட்டிக்கிடும். மிதிக்கும்போது மட்டுமில்ல, கால மேல தூக்கும்போதும் சக்கரம் சுத்தும். ஒரு துளி பலம் வீணாவாது. மணிக்கு ரெண்டு கிலோமீட்டராவது கூட..."

"எறங்கணும்னா?"

"குதிகால வெளிப்பக்கமா திருப்பணும் ஐயா."

"திருப்புனியா?"

"மறந்துட்டேன்."

ஐயர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. மாப்பிள்ள முழுசா வந்து சேரணும்லா? வார ஞாயித்துக்கெழம நான் 'யாருக்கும் தடை உண்டுமா'ன்னு கேக்கும்போது, பொண்ணே எந்திச்சு 'எனக்கு உண்டு ஐயா'ன்னு சொல்லிரப் போவுது, பாத்துக்கோ."

வேடிக்கைக்குச் சொன்னது. சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முழங்கை எரிச்சல் அன்று சாயங்காலமே அடங்கிவிட்டது. அந்தப் பேச்சு அடங்கவில்லை.

ஓலை என்பது இதுதான். கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், இரண்டு பேருடைய அப்பா பெயர் எல்லாவற்றையும் வாசிப்பார். இவர்களைச் சேர்த்துவைக்க யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்பார். பிறகு ஒரு நாலு விநாடி நிறுத்துவார். அந்த நாலு விநாடியில் யாராவது இருமுவார்கள், ஒரு கைப்பிள்ளை அழும், அவ்வளவுதான். எழுந்து நின்று தடை சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் என் பெயரை வாசித்த இரண்டு ஞாயிறும் எனக்கு நிச்சயித்த பெண் டெபோரா கோயிலுக்கு வரவில்லை. "தன் ஓலையத் தானே கேக்கப் பொண்ணுக்குக் கூச்சமா இருக்காதால? நானும்தான் அன்னைக்குப் போகல" என்று அம்மா சொன்னாள். என் அம்மா சாரம்மாள் ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்குமேல் அப்பீல் கிடையாது.

டெபோரா சீவலப்பேரியில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர்கள் குடும்பம் எங்கள் சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கோயிலில் அவள் பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சு, நான் ஆண்கள் பக்கம் கடைசி. நிச்சயம் ஆகி ஆறு வாரத்தில் நாங்கள் நேரில் பேசியது மூன்று முறை. பேசியது என்றால், நான் பேசியது. கியரில் எத்தனை பல், பாபநாசம் ஏற்றத்தில் எந்தப் பல்லில் போட வேண்டும், சக்கரத்தில் நூறு கிராம் குறைந்தால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். அவள் "சரி" என்றாள். போனில் தினமும் ஒரு கேள்வி அனுப்புவாள்: "சாப்பிட்டாச்சா?" நான் நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட், சால்னாவில் உப்பு கூட என்று எழுதி, கூடவே புதுச் செயின் படம் ஒன்றும் அனுப்புவேன். "சரி" என்று வரும்.

அமைதியான சுபாவம் என்று நினைத்திருந்தேன். ஐயர் சொன்ன பிறகு கடையில் வேலை இல்லாத நேரத்தில் (நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன், வேலை இல்லாத நேரம் நிறைய உண்டு) ஆறு வார மெசேஜையும் மேலிருந்து படித்தேன். என் பக்கம் வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் சொன்னது மொத்தத்தையும் ஒரு டவுன் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிவிடலாம். பெண் பார்க்கப் போன நாளை யோசித்தேன். பதினோரு பேர் உட்கார்ந்திருந்த அறையில் அவளுடைய பெரியப்பா அப்பாத்துரை, "என்னம்மா, பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அவள் "சரி" என்றாள். உடனே அல்வாத் தட்டு வந்துவிட்டது. அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நானும் அல்வாவைத்தான் பார்த்தேன்.

முதல் ஓலை வாசித்த பிறகு கல்யாணம்வரை பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது இரண்டு அம்மாக்களும் சேர்ந்து போட்ட சட்டம். ஆனால் சீவலப்பேரி ரோடு பொது ரோடு. புதுப் பெடலுக்குப் பயிற்சி வேண்டும். அந்த ரோட்டில் பதினேழு பதினெட்டு கிலோமீட்டர் போனால் எட்டே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ் வந்து நிற்கும், அதிலிருந்து யார் இறங்குவார்கள் என்பது என் பொறுப்பில்லை.

போகுமுன் மேலப்பாளையத்தில் சல்மான் ஃபாரிஸின் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிநேகிதன், எனக்குப் பெடல் மாட்டித் தந்தவன்.

"ஐயருக்கு முன்னாடியா விழுந்த? மாப்ள, நல்ல எடம் பாத்து ஆரம்பிச்சிருக்க" என்றான். அலென் சாவியால் பெடல் ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்தினான். "கழத்தத் தெரியும்னு மூளைக்குத் தெரிஞ்சா பத்தாதுலே, காலுக்குத் தெரியணும். நிக்கதுக்கு முன்னாடியே கழத்திரு. நின்னபெறவு கழத்தலாம்னு நெனச்சியோ, தரைதான்."

"இதுக்குப் பேரு கிளிப்லெஸ்ஸாமே? மாட்டுதுல்லா, பெறவு ஏன் லெஸ்ஸு?"

"என்ட்டயா கேக்க? பேரு வச்சவன்ட்ட போயிக் கேளு."

செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். இரண்டு பக்கமும் பிசானப் பருவ நெல் கதிர் வாங்கி நின்றது. பனி விலகாத ரோட்டில் கால் சுற்றுவது தெரியாமல் சைக்கிள் போனது. சொல்லாமல் இருக்க முடியாது, அப்படி ஒரு சுகம். காலும் சைக்கிளும் ஒரே சாமான் மாதிரி. இரண்டு இடத்தில் ஆடு குறுக்கே வந்தது, இரண்டு இடத்திலும் ஒழுங்காகக் கழற்றினேன். காலுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சீவலப்பேரி நிறுத்தத்துக்குப் பஸ்ஸும் நானும் சரியாக ஒரே நேரத்தில் வந்தோம். நீலப் புடவையில் டெபோரா இறங்கினாள். தோளில் பை, கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். என்னைப் பார்த்தாள். கண் கொஞ்சம் விரிந்தது. நான் சும்மா நின்றிருக்கலாம். ஒரு கையை உயர்த்தி, புன்னகை செய்து, ஸ்டைலாக நின்றேன். நின்றுவிட்டுத்தான் காலை நினைத்தேன்.

பஸ் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "அண்ணாச்சி, பஸ்ஸத் தொட்டுக் கும்புடணும்னா உள்ள வந்து கும்புடலாம்லா!" என்றார். விசில் அடித்தார். பஸ் போய்விட்டது. நான் தரையில் கிடந்தேன்.

டெபோரா வந்து நின்றாள். சிரிக்கவில்லை. என் காலையும் பெடலையும் குனிந்து பார்த்தாள்.

"கழத்தத் தெரியாமயா மாட்டுனிய?"

அவள் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதான். நான் கிடந்தபடியே கிளீட், ஸ்குரு, குதிகால் கோணம் எல்லாம் விளக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூட மணி அடித்தது. அவள் சார்ட் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"நாளைக்கும் வருவியளா?"

"பயிற்சிக்கு வருவேன்."

"சரி" என்று போனாள்.

புதன்கிழமை நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். நிறுத்தத்தை ஒட்டிய ஆற்றங்கரை மருதமரத்தடியில் அவள் ஏற்கெனவே நின்றிருந்தாள். முந்தின பஸ்ஸில் வந்திருக்கிறாள். நிற்பதற்கு முன்பே காலைக் கழற்றி, ஊன்றி, பத்திரமாக இறங்கினேன். பாராட்டுவாள் என்று பார்த்தேன்.

"அந்தச் செருப்பக் கழத்துங்க" என்றாள்.

"ஷூ."

"அதத்தான் சொல்லுதேன்."

இடதுகால் ஷூவைக் கழற்றிக் கொடுத்தேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்தவைத்தாள். ஷூவை இரண்டு கையாலும் பிடித்துப் பெடலில் வைத்துப் பார்த்தாள்.

"முன்பக்கத்த மொதல்ல கொடுக்கணும், பெறவு பின்னால..."

"சொல்லாதிய. நானே பாக்கேன்."

நான் வாயை மூடினேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை. அவள் முன்பக்கத்தைக் கொடுத்து அமுக்கினாள். டக். மேலே இழுத்தாள், சைக்கிளே எழும்பியது. பின்னால் இழுத்தாள், சக்கரம் சுற்றியது. உள்ளே திருப்பினாள், வரவில்லை. வெளியே திருப்பினாள். டக். கையோடு வந்தது. மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பதினான்கு முறை. எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. கீழே ஆற்றில் ஒருத்தர் எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"சுளுவாத்தான இருக்கு? பெறவு ஏன் விழுதிய?"

"நிக்கதுக்கு முன்னால கழத்தணும். எனக்கு நின்னபெறவுதான் ஞாபகம் வருது."

அவள் ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்பிடித்தான் ஆயிப்போச்சு. பெரியப்பா கேட்டப்பவே சொல்லியிருக்கணும். அல்வா வந்தபெறவு என்ன சொல்ல?"

"என்ன சொல்லியிருக்கணும்?"

"ஒரு மாசம் வேணும்னு. ஆளு எப்பிடின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்னு." ஷூவின் அடியில் இருந்த மண்ணை விரலால் தட்டினாள். "சரி, நிச்சயத்துக்குப் பெறவாவது பேசலாம்னு பாத்தேன். நீங்க பேசி முடிக்கட்டும், பெறவு நாம பேசுவோம்னு இருந்தேன். ஆறு வாரமாச்சு. நீங்க இன்னும் முடிக்கல."

சொல்வதற்கு என்னிடம் ஒரு இருபது பதில் இருந்தது. ஒவ்வொன்றும் வாய்வரை வந்தது. பத்தொன்பதை விழுங்கினேன்.

"வேண்டாம்னா சொல்லுங்க. நானே ஐயர்ட்ட போயி எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிருதேன். ஒங்க மேல பழி வராது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆறு வாரத்தில் அவள் கண்ணை நான் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"ஒங்கம்மா ஒங்களக் கொன்னுருவாகளே."

"சைக்கிள் வாங்குனதுக்கே பாதி கொன்னாச்சு. மிச்சம் பாதிதான."

சிரிப்பு மாதிரி ஒன்று அவள் வாயோரத்தில் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. ஷூவை என்னிடம் நீட்டினாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள. அதுவர மெசேஜ் அனுப்பாதிய."

வியாழன், வெள்ளி, சனி. நான் அனுப்பவில்லை. அவளும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கவில்லை. சாப்பாட்டை யாரும் விசாரிக்காததால் சாப்பிட்டதே நினைவில் நிற்கவில்லை. அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னலே, வீடு இவ்வளவு அமைதியா இருக்கு? காய்ச்சலா?"

சனிக்கிழமை மத்தியானம் சல்மான் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நூறு முறை மாட்டிக் கழற்றினேன். அவன் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாப்ள, ஸ்குருவ இன்னும் கொஞ்சம் லூசாக்கட்டா?"

"வேண்டாம். காலுக்குத் தெரிஞ்சிட்டு."

"பெறவு மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "எய்யா, இவ்வளவையும் நீ அவ வாயால கேட்டதே பெரிய காரியம்லே" என்றான். மறுபடி பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தான்.

ஞாயிறு காலை ஏழேகாலுக்கும் போனில் ஒன்றும் இல்லை. ஏழரைக்கும் இல்லை. எட்டரைக்கு ஆராதனை. சட்டைக்கு இஸ்திரி போட்டபடி யோசித்தேன். பழைய ஜெனோவாக இருந்தால், பதில் வரவில்லை என்றால் சம்மதம்தான் என்று விசிலடித்துக்கொண்டு போயிருப்பான். ஆறு வாரம் அவன் செய்தது அதுதானே. இனி அவள் பேசாமல் இருப்பதை நான் சம்மதமாக எடுக்க மாட்டேன். அவள் வாயைத் திறந்து சொல்லும்வரை அந்த ஓலையை ஐயர் வாசிக்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று நினைவில்லை. சைக்கிளை எடுத்துவிட்டேன்.

ஐயர் வெள்ளை அங்கியோடு கோயில் பக்கவாசல் படியில் நின்றிருந்தார். பத்தடி முன்னாலேயே குதிகாலைத் திருப்பினேன். டக். காலை ஊன்றினேன். இறங்கினேன். கையைக் கூப்பினேன்.

"ஸ்தோத்திரம் ஐயா."

"ஸ்தோத்திரம்! ஆஹா, இன்னைக்கு நின்னுட்டியே!"

"ஐயா, இன்னைக்கு எங்க ஓலைய வாசிக்க வேண்டாம்."

ஐயர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. "என்னடே சொல்லுத? புதன்கெழம கல்யாணம்."

"டெபோரா இன்னும் பதில் சொல்லல ஐயா. அவுகட்ட யாரும் சரியா கேக்கவே இல்ல. நானும் கேக்கல. அவுக சொன்னபெறவு வாசிங்க. தள்ளிப்போனாலும் பரவால்ல. அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஐயர் என்னையே பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"அங்கன பாரு" என்றார்.

கேட்டருகே ஆட்டோ நின்றிருந்தது. டெபோரா இறங்கி, அவள் அம்மா சில்லறைக்காக டிரைவரோடு வாதாடிக்கொண்டிருப்பதைக்கூடப் பார்க்காமல், நேராக எங்களை நோக்கி வேகமாக வந்தாள். கையில் வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும். மூச்சு வாங்கியது. ஓலை ஞாயிற்றில் கோயிலுக்கு வந்திருக்கிறாள்.

"ஐயாட்ட என்ன சொல்லுதிய?"

"நீங்க ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுதேன்னிய. ஒண்ணும் வரல. அதான், வாசிக்க வேண்டாம்னு..."

"ஞாயித்துக்கெழம இன்னும் முடியலயே! நேர்ல வந்து சொல்லணும்னு வாரேன். அதுக்குள்ள ஒங்களுக்குப் பொறுக்காதா?"

"பொறுக்கும். நான் வந்து... நீங்க வேண்டாம்னு சொல்லக் கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"கொஞ்சம் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். அவள் ஐயர் பக்கம் திரும்பி, புத்தகங்களோடு சேர்த்துக் கையைக் கூப்பினாள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அவளுக்கு உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஐயா, வாசிங்க. எனக்குத் தடை ஒண்ணும் இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு."

ஐயர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பது வருசமா ஓலை வாசிக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

ஆராதனையில் எங்கள் பெயர் வந்தது. இன்னாருடைய குமாரன் ஜெனோ, இன்னாருடைய குமாரத்தி டெபோரா. யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம். பிறகு அந்த நாலு விநாடி. ஐயர் வேண்டுமென்றே எட்டு விநாடி ஆக்கினார் என்று சத்தியம் செய்வேன். யாரும் இருமவில்லை. கைப்பிள்ளைகூட அழவில்லை. பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் ஒரு பின்னல் அசையாமல் இருந்தது. எட்டாவது விநாடியில் அது கொஞ்சம், கொஞ்சமே, என் பக்கம் திரும்பியது.

ஆராதனை முடிந்து அவள் அம்மாவும் என் அம்மாவும் வாசலில் பந்தி விவகாரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள், சட்டத்தை மறந்துவிட்டு. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். டெபோரா பக்கத்தில் வந்தாள். கிளீட் தரையில் பட்டு ஒவ்வொரு அடிக்கும் குதிரை மாதிரி சத்தம் கேட்டது.

அவள் பேச ஆரம்பித்தாள். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் ஏழு என்ற எண்ணை மட்டும் திருப்பி எழுதுவது, கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்குச் சீவலப்பேரி வேலையை விட மனசில்லாதது, புளிக்குழம்பு பிடிக்காதது, சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு வீட்டில் விடாதது. ரோட்டின் முனைவரை வந்துவிட்டோம். என் வாயிலிருந்து "ம்" தவிர ஒன்றும் வரவில்லை. ஒரு இடத்தில் அவள் சட்டென்று நின்றாள்.

"நான் தெனமும் சாப்பிட்டாச்சான்னு கேக்கேன். நீங்க பரோட்டாக் கணக்கு சொல்லுதிய. நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டியளா?"

கேட்டதில்லை. ஆறு வாரத்தில் ஒரு நாளும்.

"சாப்ட்டியளா?" என்றேன்.

"இல்ல. நேத்து ராத்திரியிலருந்து ஒண்ணும் எறங்கல. இன்னைக்கு வந்து சொல்லணுமேன்னு ஒரே படபடப்பு." அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "நீங்க?"

வாயைத் திறந்தேன். இஸ்திரிப் பெட்டி, காலையில் ஆறிப்போன இட்லி, எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"நானும் இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

"பெறவென்ன, முக்குக் கடையில ஆளுக்கு ரெண்டு இட்லி சாப்பிடுவோம். அம்மாக்க வாரதுக்குள்ள." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "மொதல்ல அந்த ஷூவக் கழத்திக் கைல எடுங்க. நீங்க பேசாம வந்தாலும் அது பேசிக்கிட்டே வருது."